இடது கையருகே இருபத்தாறு டிகிரி

துரைசாமியின் வேனை அந்தக் குளிர்காலத்தில் இரண்டு பேர் ஓட்டினார்கள். கால்களும் வலது கையும் துரைசாமியுடையவை. இடது கை அவர் மகள் சுப்ரஜாவுடையது.

ராணுவத்தில் ஆம்புலன்ஸாக ஓடி, கழித்துப் போட்டு, ஏலத்துக்கு வந்த வேன் அது. ஸ்ட்ரெச்சர் இருந்த இடத்தில் இரண்டு நீள பெஞ்சுகளைப் போட்டு, பச்சைக்கு மேல் வெள்ளை பூசியிருந்தார் துரைசாமி. ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் வெள்ளை கொஞ்சம் உரிந்து கதவோரம் பச்சை எட்டிப் பார்க்கும். தினமும் விடிவதற்கு முன்னால் பூனாவின் கோர்படியிலிருந்து கிளம்பி, வானவடியில் பதினோரு பெண்களை ஏற்றிக்கொண்டு, ஹடப்சரில் ஒயர் பின்னும் தொழிற்சாலையில் ஆறரை மணிக்குள் இறக்கிவிட வேண்டும். ஆறரைக்கு மேல் ஒரு நிமிஷம் போனாலும் கேட்டை மூடிவிடுவார்கள்.

முன்சீட்டில் அப்பாவுக்கு இடது பக்கம் சுப்ரஜா உட்காருவாள். அவர் கிளட்சை மிதித்ததும் அவள் கியர் தடியைத் தள்ளுவாள். தீபாவளிக்கு அடுத்த வாரம் "ரெண்டு", "மூணு" என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு "ம்" மட்டும் சொன்னார். டிசம்பரில் அதுவும் நின்றுவிட்டது. அவர் முழங்கால் அசைவதைப் பார்த்தே அவள் கை தடிக்குப் போய்விடும். அவருடைய இடது கை உல்லன் உறைக்குள் மடியில் கிடக்கும்.

"அப்பனும் பொண்ணும் சேந்து ஒரு டிரைவரு. பின்னால எங்க உசுரு பதினொண்ணு," என்பாள் மும்தாஜ். ஆம்பூர்க்காரி. பெஞ்சில் முதல் ஆளாக, சுப்ரஜாவின் தோளுக்குப் பின்னால் உட்காருகிறவள்.

"உன் உசுருதாம்மே கெட்டி. பாக்கிப் பத்துக்குத்தான் நான் பயப்படறேன்," என்பார் துரைசாமி.

இருபத்திரண்டு வருஷம் ராணுவ லாரி ஓட்டியவர். பனிமலையில் கழித்த ஒரு குளிர்காலம் அவருடைய இடது கையில் இரண்டு விரல் நுனிகளைத் தின்றிருந்தது. அதிலிருந்து வருஷா வருஷம் டிசம்பர் வந்தால் அந்தக் கை கொஞ்சம் மரத்துப்போகும். சூடான டம்ளரைப் பிடித்தால் சரியாகும். இந்த வருஷம் ஐந்து விரலும் மரத்துவிட்டன. காலையில் மனைவி சரசாதான் அவருக்குச் சட்டைப் பட்டன் போட்டுவிட்டாள். "வெயில் வந்தா சரியாய்டும்," என்றார் அவர். எல்லோரும் நம்பினார்கள். நம்புவதற்குப் பனி தின்ற அந்த விரல் நுனிகள் சாட்சியாக இருந்தன.

டிசம்பர் பத்தொன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, சுப்ரஜாவுக்குச் சாகணில் உள்ள ஒரு வண்டிக் கம்பெனியிலிருந்து வேலைக் கடிதம் வந்தது. மூன்று வருஷம் மாலை வகுப்புக்குப் போய் டிப்ளமா முடித்திருந்தாள். பகலெல்லாம் வேன், வீடு, அப்பாவின் ஓட்டக் கணக்கு. மாலை ஆறுக்கு மேல் வகுப்பு. வண்டிப் பாகங்களை அளந்து பார்த்து, சரி, தப்பு என்று பிரிக்கும் வேலை கிடைத்திருந்தது. ஜனவரி பன்னிரண்டு, திங்கட்கிழமை சேர வேண்டும். கடிதத்தை நாலு தடவை படித்தாள். பெயர் தன்னுடையதுதானா என்று ஐந்தாவது தடவை பார்த்தாள்.

மறுநாள் ராத்திரி சாப்பாட்டுக்குக் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும். சரசா களியை உருட்டித் தட்டில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"காலைல எத்தினி மணிக்கிடி?"

"அஞ்சம்பதுக்கு ஃபாத்திமாநகர் சிக்னல்ல கம்பெனி பஸ் வரும்."

அந்த நேரத்துக்கு வேன் வானவடியில் ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

"பிப்ரவரி கடைசில தண்டி போய்டும், குளிரு போனா கை சரியாய்டும்," என்றார் துரைசாமி. "மார்ச்சுல சேந்துக்கறேன்னு ஒரு லெட்டர் போட்டுப் பாரேன் பாப்பா."

"லெட்டர் போட்டா வேற ஆளை எடுத்துப்பாங்க நைனா."

"இன்னா பண்றது. கை இப்பிடிக் கீது."

"கொஞ்ச நாளைக்கி வேற டிரைவர் வெச்சா?"

"என் வண்டியில இன்னொருத்தன் குந்தறதா? அதுக்கு வித்துடலாம்."

களியைக் குழம்பில் புரட்டியபடி சுப்ரஜா கொஞ்ச நேரம் யோசித்தாள். யோசித்து வைத்திருந்ததைச் சொல்லத்தான் அவளுக்கு எப்போதும் நேரம் பிடிக்கும்.

"வண்டில ஹீட்டர் கீது இல்ல நைனா? அதுல காத்துதான் பத்தல. ஃபேன் வெச்சுத் தள்ளினா முன்னாடி முழுக்க சூடாய்டும். கை மரக்காது. பன்னெண்டாம் தேதிக்குள்ள முடிச்சிட்டா..."

"அது ஆம்புலன்சுல நோயாளிக்கி வெச்சது. எப்பவோ செத்துப்போச்சு."

"சாகல. லேசா சூடு வருது. கை வெச்சுப் பாத்தேன்."

"பாத்தியா?" என்றார் துரைசாமி. அப்புறம் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

மறுநாள் ஞாயிறு. காலையிலிருந்து மதியம் வரை அவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தார். சரசா இரண்டு தடவை டீ கொண்டுபோனாள். "ரேடியேட்டர் கழுவினேன், உன் ஃபேனுக்காவ," என்றார் மகளிடம். அப்பாவும் தன் பக்கம்தான் என்று சுப்ரஜா நினைத்துக்கொண்டாள்.

அவள் வேலை செய்கிற விதம் தனி. ஒரு நோட்டு போட்டாள். வகுப்பு ஆய்வகத்திலிருந்து கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். முன்சீட்டுக் காலடி, பின்பெஞ்சு நடு, அப்பாவின் இடது கை இருக்கும் இடம் என்று மூன்று இடங்களில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்து எழுதினாள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு மாற்றம்தான். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எதனால் சூடு வந்தது என்று தெரியாமல் போகும். கிளம்பும்போது ஒன்பது டிகிரி, ஹடப்சர் போய்ச் சேரும்போது கையருகே பதினொன்று. முதல் நாள் கணக்கு அவ்வளவுதான். ஹீட்டர் வாயில் கை வைத்தாள். காற்று சில்லென்று இருந்தது. போன வாரம் சூடாக இருந்ததே என்று தோன்றியது. அன்று தன் கை அதைவிடக் குளிர்ந்திருந்ததால் அப்படித் தெரிந்திருக்கும் என்று நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

கோர்படியில் வண்டிகளுக்கு ஒயரிங் செய்கிற சேவியரிடம் போனாள். அவரும் துரைசாமி எடுத்த ஏலத்தில்தான் ஒரு ஜீப்பை எடுத்தார். இன்னும் அது அவர் கடை வாசலில் செங்கல் மேல் நிற்கிறது.

"அரே சுப்ரஜா, பூனாவுல எவன் வண்டிக்கு ஹீட்டர் போடறான்? மேல ஒரு சால்வை போர்த்திவுடு, முடிஞ்சது."

"சால்வை போர்த்தினா கை எப்படி அசையும் அங்கிள்?"

"அதான் அசையலியே, போர்த்தினா இன்னா." சிரித்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சரி, இன்னா வோணும்?"

எஞ்சினைச் சுற்றி வருகிற வெந்நீர் ஒரு சின்னக் குழாயில் பிரிந்து டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள சின்ன ரேடியேட்டருக்கு வருகிறது. அதன் வழியாக ஒரு மோட்டார் காற்றை ஊத வேண்டும். அந்த மோட்டார் கிழடு. அது ஊதுகிற காற்றில் பாதி, பிளந்துபோன தகரக் குழாயின் சந்துகளில் போய்விடுகிறது. சுப்ரஜா காகிதத்தில் படம் போட்டுக் காட்டினாள். சேவியர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். பழைய கம்ப்யூட்டர் டப்பாக்களில் இருக்கும் ஃபேன்கள் பன்னிரண்டு வோல்ட்டில் ஓடுபவை, வண்டி பேட்டரிக்கு அப்படியே பொருந்தும் என்றார். பழைய சாமான் சந்தையான ஜூனா பஜாரில் ஞாயிற்றுக்கிழமை குவித்து வைத்து விற்பார்கள். நாலு பொறுக்கி வந்தார்கள்.

ஒன்றைச் சின்ன ரேடியேட்டருக்குப் பின்னால் தள்ளுவதற்கு வைத்தாள். இரண்டைக் காற்று வெளிவரும் வாய்களில் வைத்தாள். நாலாவதைப் பின்பெஞ்சுக்கு அடியில், கொஞ்சம் சூட்டைப் பின்னால் இழுக்கிற மாதிரி. தகரக் குழாயின் சந்துகளுக்கு அலுமினியப் பட்டை ஒட்டினாள். ஒவ்வொன்றும் ஒரு நாள். ஒவ்வொரு நாளும் நோட்டு.

காற்று வந்தது. பேய்க்காற்று. பெண்களின் முந்தானைகள் எழும்பி முகத்தில் அடித்தன.

"யேம்மா சுப்ரஜா, சூடு போடறேன்னுட்டு ஏசி போட்டுட்டியே," என்றாள் மும்தாஜ். வேன் முழுக்கச் சிரித்தது. துரைசாமியும் சிரித்தார். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

கையருகே பன்னிரண்டு டிகிரி.

அவள் படத்தைத் திரும்பப் போட்டாள். ஃபேன் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறதா என்று காகிதத் துண்டு பிடித்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. ஜன்னல் சந்துகளில் குளிர் புகுகிறது, தப்பு அங்கேதான் என்று முடிவு செய்தாள். தள்ளித் திறக்கிற ஆறு ஜன்னல்களிலும் ரப்பர் பட்டை வைத்துப் பசை பூசினாள்.

"கெட்டியாப் பூசற. அப்பறம் தொறக்காது," என்றார் சேவியர்.

"இந்தத் தண்டியில யாரு அங்கிள் தொறக்கப் போறா?"

பதின்மூன்று டிகிரி. புதுவருஷம் பிறந்துவிட்டது. இன்னும் பத்து நாள். இரவில் பாயில் படுத்தபடி நோட்டைப் புரட்டுவாள். அளக்கிற வேலைக்கு எடுத்திருக்கிறார்கள், ஒரு வேனுக்குள் சூடு எங்கே போகிறது என்று அளக்கத் தெரியவில்லை என்று நினைப்பாள். சாகணில் இதைத் தெரிந்துகொண்டால் சிரிப்பார்கள். கடிதத்தை எடுத்துப் பெயரை மறுபடியும் பார்ப்பாள்.

ஏழாம் தேதி, புதன்கிழமை, ஹடப்சரிலிருந்து திரும்பியதும் பானெட்டைத் திறந்து ஹீட்டருக்கு வரும் குழாயைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றரை மணி நேரம் ஓடிய வண்டி. குழாய் வெதுவெதுப்பாகக்கூட இல்லை. சேவியரிடம் ஓடினாள்.

"தண்ணி சூடாவலன்னா வால்வு இல்லனு அர்த்தம்," என்றார் அவர். "எஞ்சின் சூடேறற வரிக்கும் தண்ணிய மூடி வெக்கற வால்வு. ரேடியேட்டர் கொதிக்குதுன்னு இங்க மிஸ்திரிங்க அத்தக் கழட்டிக் கடாசிடுவானுங்க. பாதி வண்டில இருக்காது. உங்கப்பன் எப்ப கழட்டினானோ."

வீட்டுப் பின்கட்டில் துரைசாமியின் தகரப் பெட்டி இருந்தது. பழைய பிளக், போல்ட், பெல்ட் எல்லாம் கிடக்கும். வருஷக்கணக்கில் தூசி படிந்த சாமான்களுக்கு நடுவே, காகிதத்தில் சுற்றிய ஒரு பொருள் சுத்தமாக இருந்தது. பிரித்தாள். பித்தளை வால்வு. உள்ளங்கையில் அடங்குகிற அளவு.

சுற்றியிருந்தது வீட்டுத் தினசரி காலண்டர் தாள். டிசம்பர் 21, ஞாயிறு.

தாளைக் கிழிப்பது அப்பாவின் வேலை. இப்போதெல்லாம் ஒரு கையால் கிழிப்பதால் மேல்விளிம்பு கோணலாக வரும். இந்தத் தாளும் கோணல்தான்.

அவள் முதலில் சந்தேகப்பட்டது தன்னைத்தான். பழைய வால்வாக இருக்கும், அன்றைக்குப் புதிது போட்டிருப்பார் என்று நினைத்தாள். குழாய் சில்லென்று இருந்தது ஞாபகம் வந்தது. இரண்டு போல்ட்டைக் கழற்ற ஒருவர் காலையிலிருந்து மதியம் வரை குனிந்திருந்தது ஞாபகம் வந்தது. ஒரே கையால் என்றால் அவ்வளவு நேரம் ஆகும்.

சமையலறையில் சரசா புளி கரைத்துக்கொண்டிருந்தாள். சுப்ரஜா வால்வை நீட்டினாள்.

"இது இன்னான்னு தெரியுமாம்மா?"

சரசா பார்த்தாள். புளித்தண்ணீரிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எடுத்த எடத்துலயே வெச்சிடு."

"ஏம்மா?"

"வெச்சிடுன்னா வெச்சிடு. தோண்டாத."

சுப்ரஜா வைக்கவில்லை. மறுநாள் மதியம் அப்பா தூங்கும்போது சேவியரைக் கூட்டிவந்தாள். இருபது நிமிஷத்தில் வால்வு ஏறிவிட்டது. "எங்க கெடச்சுது?" என்று சேவியர் கேட்டதற்கு, "பெட்டில," என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை அரை மணி முன்னதாகவே எழுந்து எஞ்சினைப் போட்டுவிட்டாள். சந்தில் புகைமூட்டமும் பனியும் கலந்து நின்றன. கண்ணாடியில் படிந்திருந்த ஈரம் கீழிருந்து மேலாகக் கலைய ஆரம்பித்தது. ஃபேன்களைப் போட்டாள். சூடு வந்தது. முதலில் கால்விரல்களில், பிறகு முழங்காலில், பிறகு முகத்தில். பழைய ஆம்புலன்ஸின் டிங்சர் வாசனைகூடத் தகரத்திலிருந்து மெல்ல எழுந்தது. தெர்மாமீட்டரைப் பார்த்தாள். நம்பாமல் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

இடது கையருகே இருபத்தாறு டிகிரி.

துரைசாமி மப்ளரைக் கட்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். சூடு முகத்தில் பட்டதும் ஒரு காலை உள்ளே வைத்தபடி நின்றார். பிறகு ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

"கெளம்பலாமா?"

"உறையைக் கழட்டு நைனா."

"நேரமாவுது பாப்பா."

"கழட்டு."

இடது கையை வலது கையால் தூக்கிப் பிடித்து உறையைப் பல்லால் இழுத்தார். சுப்ரஜா அவர் கையைத் தூக்கிக் கியர் தடியின் மேல் வைத்தாள். உள்ளங்கை சூடாக இருந்தது. வியர்த்துக்கூட இருந்தது.

"புடி."

"புடிச்சிகினுதான் கீறேன்."

கை தடியிலிருந்து வழுக்கி மடியில் விழுந்தது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். ஃபேன்கள் நாலும் ஒரே சுருதியில் ஓடின.

"எப்பலேர்ந்து?"

"ஆவணிலேர்ந்து. ஒரு நாள் எழுந்திரிச்சா வாயும் கோணிகினு இருந்திச்சி. மத்தியானத்துக்குள்ள வாய் சரியாயிடுச்சி. கை வரல. தீபாவளி வரிக்கும் மணிக்கட்டால தள்ளிகினு ஓட்டினேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"பட்டன் போடறவளுக்குத் தெரியாதா?"

"ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம் இல்ல?"

"போனா எழுதிடுவான். காயிதத்துல எழுதிட்டா லைசென்சு போச்சு, வண்டி போச்சு."

"வால்வை ஏன் நைனா கழட்டின?"

துரைசாமி கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். கண்ணாடி இப்போது சுத்தமாக இருந்தது. சந்தின் முனைவரை தெரிந்தது.

"நீ பாட்டுக்குச் சூடு கொண்டாந்துட்டா, அப்பறம் எது மேல பழியப் போடறது? குளிரு இருந்தா மார்ச்சு வரிக்கும் ஓட்டலாம்னு பாத்தேன்."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னான்னு தெரியல."

அவள் அழுவாள் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். அவள் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். கோபம் வந்தது. ஆனால் பல்லால் உறையை இழுத்த அந்த வாயைப் பார்த்து அதைச் சொல்ல வரவில்லை.

துரைசாமி கதவைத் திறந்து இறங்கினார். ஹெட்லைட் வெளிச்சத்தில் வண்டியின் முன்னால் சுற்றி வந்து அவள் பக்கக் கதவைத் திறந்தார்.

"தள்ளிக் குந்து."

"நைனா, ஆள் ஏத்தற வண்டி ஓட்ட எனக்கு பேட்ஜ் இல்ல."

"லைசென்சு கீது இல்ல? நான்தான கத்துக்குடுத்தேன். பேட்ஜ் அப்பறம் வாங்கிக்கலாம்."

"திங்கக்கிழமை நான் சாகண் போவணும்."

"இன்னிக்கி வெள்ளிக்கிழமை பாப்பா. பதினோரு பேரு ரோட்ல நிக்கறாங்க. நம்ம சண்டைக்கா கேட்ட தொறந்து வெப்பான்?"

அவள் தள்ளி உட்கார்ந்தாள். ஸ்டியரிங் வளையம் சூடாக இருந்தது. கிளட்சை மிதித்ததும் கை தானாகக் கியருக்குப் போனது. இரண்டு மாதப் பழக்கம். இப்போது காலும் அவளுடையது.

வானவடி வரை துரைசாமி இடது சீட்டில் உட்கார்ந்து வந்தார். ஒரு திருப்பத்தில் வலது கையை நீட்டி, தன் மடிக்கு நேராகக் காற்றை விட்டுக்கொண்டிருந்த ஃபேனைத் திருப்பி, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவள் விரல்களுக்கு நேராக வைத்தார்.

"வேணாம் நைனா."

"இருக்கட்டும். குளிரும்."

பெண்கள் தலையில் சால்வையும் கையில் டிபன் தூக்குமாக நின்றிருந்தார்கள். கதவைத் திறந்ததும் "அடி ஆத்தா" என்று ஒரு குரல் எழுந்தது. மராத்திக்காரப் பெண்கள் இரண்டு பேர் கை தட்டினார்கள். மும்தாஜ் ஏறி உட்கார்ந்து, முன்சீட்டைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"அட, நீயா ஓட்டற? இனிமே நீதானா?"

சுப்ரஜா திரும்புவதற்குள் துரைசாமி சொல்லிவிட்டார்.

"ஆமாம்மே. இனிமே பாப்பாதான். என்னைவிட நல்லா ஓட்டுவா."

"திங்கக்கிழமைக்குள்ள வேற ஆள் பாத்துக்கங்க அக்கா," என்றாள் சுப்ரஜா. சத்தமாகச் சொல்லத்தான் நினைத்தாள். நாலு ஃபேனின் இரைச்சலில் தன் குரல் பின்னால் போனதா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அப்பா மட்டும் கழுத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்தார்.

ஹடப்சர் ரோட்டைப் பிடித்தபோது பின்னால் பேச்சு குறைந்தது. சால்வைகள் மடிக்கு வந்தன. பிறகு ஸ்வெட்டர்கள். பதினோரு பேர் மூச்சும், வெந்நீர்க் குழாயின் சூடும், டிபன் தூக்குகளிலிருந்து வெந்தயக்கீரை வாசனையும் வேனுக்குள் சேர்ந்துகொண்டே போயின. சுப்ரஜாவின் கழுத்தில் வியர்வை வழிந்தது. தெர்மாமீட்டர் நூலில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

எதிர்ப்பக்கம் ஒரு கம்பெனி பஸ் வரிசையான மஞ்சள் விளக்குகளோடு கடந்து போனது. சாகண் பஸ்ஸா, வேறு ஏதாவதா என்று அவளால் படிக்க முடியவில்லை.

"யேம்மா," என்றாள் மும்தாஜ், முந்தானையால் விசிறிக்கொண்டு. "கொறை சொல்றேன்னு நெனைக்காத. மூச்சு முட்டுது. இந்த ஜன்னலக் கொஞ்சம் தொறக்கறது எப்பிடி? இழுத்தா வரல."

"தொறக்காதுக்கா," என்றாள் சுப்ரஜா. "நான்தான் ஒட்டினேன்."